பூஜ்யம் புள்ளி ஏழு

நோட்டில் பதினாலு பேர், ஸ்டாண்டில் பதினைந்து குழாய். சண்முகவடிவு விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள், எண்ணி முடித்து மறுபடியும் முதலில் இருந்து எண்ணினாள். என்னத்துக்கு எண்ண? அந்தப் பதினைந்தாவது எங்கே இருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா, காலையில் அஞ்சரை மணிக்கு வீட்டுக் கட்டிலில் வைத்து மகள் கையில் ஊசி குத்தி எடுத்ததே அவள்தானே. ஆனாலும் எண்ணினால் மனசு கொஞ்சம் அடங்கும், இருபத்திரண்டு வருசமாக லேபில் அப்படித்தான். மற்ற பதினாலிலும் பேர் ஒட்டியிருந்தது, வயசு, ஆணா பெண்ணா என்பதும். பதினைந்தாவதில் மட்டும் மார்க்கர் பேனாவால் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தாள். வீட்டு ஆட்களின் பேரை நோயாளி நோட்டில் ஏற்றக் கூடாது. திருநெல்வேலியில் அவள் வேலை பழகின லேபில் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள், புருசன் ரத்தமோ பிள்ளை ரத்தமோ நார்மல் என்று எழுதிக் கூட்டத்தோடு சேர்த்து டெஸ்ட் ஓட்டிவிடுவது. நோட்டில் ஒருதரம் பேர் ஏறிவிட்டால் அப்புறம் அந்தப் பேர் அடிக்கடி ஏறும் என்று ஒரு பயம். வடிவு சாங்கியம் பார்க்கிறவள் இல்லை, வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவாள், ராகு காலத்தில் லேப் திறப்பாள், அதற்காக மாமியாரிடம் பேச்சு வாங்கினவள். இந்த ஒன்றில் மட்டும் அவளுக்குக் கை வராது. கோமதிப்ரியா, பத்தொன்பது, பெண் என்று அந்த நோட்டில் எழுத நினைத்தாலே பேனாவை மூடி வைத்துவிடுவாள். அதனால் நார்மல். போன மாசமும் நார்மல், அதற்கு முந்தின மாசமும் நார்மல், பதினாலு மாசமாக நார்மல். மணி ஏழே கால் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் சித்திரை வெயில் அப்போதே ஜன்னல் கம்பியைத் தொட முடியாமல் பண்ணியிருந்தது.

குழாய்களைச் சுத்துகிற மெஷினுக்குள் எதிர் எதிராக வைத்தாள். எதிரெதிர்க் குழியில் ஒரே கனம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் மேசையோடு சேர்ந்து ஆடும். பதினாலுக்கு ஏழு ஜோடி அமைந்துவிட்டது, பதினைந்தாவதுக்குத்தான் ஜோடி இல்லை, அதுக்கு எதிரே ஒரு குழாயில் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர்? மகள் கோமுவின் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பாதிகூட இல்லை. அதற்கு மேல் வரவில்லை. நின்றுவிட்டது. பெரியவர்களுக்குப் போடுகிற ஊசியில் நரம்பு கிடைக்காமல், பச்சைப்பிள்ளைகளுக்கு என்று வைத்திருக்கிற சின்ன ஊசியை எடுத்து, அதிலும் ரெண்டாவது குத்தில்தான் கிடைத்தது. “வலிக்காட்டி?” என்று கேட்டாள். “இல்லம்மா” என்றாள் கோமு, சுவரைப் பார்த்துக்கொண்டு. ஃபேன் ஓடவில்லை, சித்திரை மாசத்தில் பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள், ஒரு கையை மட்டும் ஸ்வெட்டரில் இருந்து உருவி நீட்டினாள், ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போது அந்தக் கையெல்லாம் மெல்லிசாக ரோமம், பிறந்த குழந்தைக்கு இருக்குமே அந்த மாதிரி. இது எப்போது முளைத்தது? போன மாசம் இருந்ததா? ரப்பர். அந்த ரப்பர் பட்டியை முழங்கைக்கு மேல் சுற்றிக் கட்டும்போது, வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். தண்ணீரை ஊற்றி அளவு பார்த்து எதிர்க்குழியில் வைத்தாள். மூடியைப் போட்டுப் பத்து நிமிசத்துக்குத் திருகினாள். காலையில் ரப்பர் கட்டின கையோடு கோமுவின் நாடியையும் பிடித்துப் பார்த்திருந்தாள், பார்த்துவிட்டு வாட்ச்சைக் காதில் வைத்துக் கேட்டாள், செகண்ட் முள் கொஞ்சம் வேகமாகப் போகிறது போல, பேட்டரி மாற்ற வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் மறக்காமல் மாற்ற வேண்டும்.

இது ஒரு ஒப்பந்தம். அம்மாவும் மகளும் பதினாலு மாசத்துக்கு முன்னால் சமையல்கட்டில் நின்று போட்டுக்கொண்டது. அன்றைக்குத்தான் வடிவுக்கு டிபன் பாக்ஸ் சங்கதி தெரிந்தது. கல்லூரிக்குப் போகிற பிள்ளை தினமும் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாளே, நம்ம வயசில் நமக்கு இந்தப் பொறுப்பு இருந்ததா என்று பெருமையாக இருந்தவள், வடிவு. பக்கத்து வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். கழுவினது எதற்கு என்று, காலேஜ் காம்பவுண்டு ஓரத்து நாய்க்கு லெமன் சாதம் போகிறது என்று, கோமு கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்குக் கத்தின கத்து. தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்து, தின்னாமல் எழுந்திரிக்கக் கூடாது என்று கரண்டியோடு நின்றாள். கோமு அழவில்லை. அவள் அழுதிருந்தால் வடிவுக்கு என்ன செய்ய என்று தெரிந்திருக்கும். நிதானமாகச் சொன்னாள், “நீதான ஊருக்கெல்லாம் ரத்தம் பாக்க. எனக்கும் எடுத்துப் பாரு. மாசாமாசம் ஒண்ணாந்தேதி எடு. எதாவது தப்பா இருந்துச்சுன்னா நீ போடுறத எல்லாம் திங்கேன். எல்லாம் சரியா இருந்துச்சுன்னா அந்த மாசம் பூரா சாப்பாட்டப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது.” வடிவு சரி என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள்? அந்த இடத்துக்குத்தான் மனசு திரும்பத் திரும்பப் போய் முட்டுகிறது. தோற்றுவிடுவோம் என்று தோன்றவே இல்லை, அதனால் சொன்னாள். முதல் மாசமே பிடித்துவிடலாம், காகிதத்தில் காட்டிவிடலாம், காகிதத்தை யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்று நினைத்தாள். முதல் மாசம் எல்லாம் சரியாக இருந்தது. கோமு அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்து மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ரெண்டாவது மாசமும் அப்படியே. மூணாவது மாசம் வடிவுக்கே, வெளியில் சொன்னால் வெட்கம், ஒரு நிம்மதி வந்தது. ஒல்லியாக இருந்தால் என்ன, ரத்தம் சுத்தமாக இருக்கிறதே. கோமு அப்பா, பஸ் கண்டக்டர், ஊர் உலகத்து ஆட்களை எல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்க்கிறவர், அவர்தான் சொல்லிக்கொண்டே இருந்தார், “வடிவு, புள்ள உருகிக்கிட்டே போறா. நீ பேப்பரப் பாக்க, நான் புள்ளையப் பாக்கேன்.” அதற்கு அவள் சொன்ன பதில் இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. “உங்களுக்கு டிக்கெட்டு கிழிக்கத்தான் தெரியும். ரத்தத்தப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க.” அவர் அப்புறம் பேசவில்லை. இன்றைக்கும் நாலு மணிக்கே எழுந்து டூட்டிக்குப் போய்விட்டார், போகும்போது கோமு கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார், வடிவு தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மெஷின் சுத்தி முடித்து நின்றது. குழாய்களை எடுத்து வரிசையாக வைத்தாள், கீழே ரத்தம் கெட்டியாகப் படிந்து, மேலே சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது. கோமுவுடையதும் அதே நிறம்தான். பார்க்கிறவர்கள் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஃப்ரீசரில் இருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டி இளக்கினாள், தினமும் முதல் வேலை இது, ரத்தத்தைச் சோதிக்கிற மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, ஏற்கனவே அளவு தெரிந்த சீரத்தை முதலில் ஓட்டிப் பார்ப்பது. கம்பெனிக்காரன் விற்கிறது இருக்கிறது, ஆனால் சின்ன லேப்களில் ஆரோக்கியமான ஆள் ஒருத்தருடைய சீரத்தையே பிரித்து உறைய வைத்துக்கொள்வார்கள். வடிவு உறைய வைத்திருந்தது கோமுவுடையது. ரெண்டாவது மாசமும் மூணாவது மாசமும் ரத்தம் தாராளமாக வந்தது, மிச்சம் இருந்தது, சின்ன வயசு, நோய் நொடி இல்லாத உடம்பு, இதைவிட நல்லது எங்கே கிடைக்கும் என்று வாரத்துக்கு ஒன்று என்று அறுபது குப்பியில் பிரித்து வைத்தாள். ஆக ஒரு வருசமாகத் தினமும் காலையில் கோமுவை வைத்து மெஷினைச் சோதித்திருக்கிறாள், ஒண்ணாந்தேதி ஆனால் மெஷினை வைத்துக் கோமுவைச் சோதித்திருக்கிறாள். இதில் எங்கேயோ ஒரு கோளாறு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் உறைக்கிறது, அதுவும் முழுசாக உறைக்கவில்லை, பல்லில் மாட்டின நார் மாதிரி நாக்கு போய்ப் போய் அதையே தொடுகிறது. குப்பியை ஓட்டினாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. மெஷின் என்றைக்குமே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வெளியில் ஜெபமணி, ரத்தம் எடுக்கிறவள், வடிவைவிட மூத்தவள், யாரையோ உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் கதவைத் தள்ளித் தலையை நீட்டி, “வடிவு, நம்ம வேலாயுதம் அய்யா மருமக வந்திருக்கா. சுகர் பாக்க” என்றாள். வேலாயுதம் அய்யா தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரியாக இருந்து பக்கவாதம் வந்து மூணு வருசமாகப் படுக்கையில் கிடக்கிறவர். ஜெபமணிதான் அவர் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவாள். வடிவு எட்டிப் பார்த்துச் சிரித்து, “அய்யா எப்படி இருக்காக?” என்று கேட்டாள். அந்தப் பெண் எழுந்து நின்று, “மாமா போன செவ்வாக்கெழம தவறிட்டாகக்கா” என்றாள். “கிட்னி போயிட்டுன்னு சொல்லிட்டாக. நம்ம ரிப்போர்ட்டுல எல்லாம் நல்லாத்தானக்கா இருந்துச்சு?” குற்றம் சொல்கிற குரலே இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள், தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டாள். வடிவு என்னமோ சொன்னாள், வயசாகிவிட்டது இல்லையா என்கிற மாதிரி, சொல்லிவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூணு வாரத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் இருந்து டாக்டர் தேவசகாயம் ஃபோன் பண்ணினார். கிட்னி டாக்டர். வேலாயுதம் அய்யாவுடைய கிரியாட்டினின், கிட்னி வெளியே தள்ளுகிற கழிவின் அளவு, பூஜ்யம் புள்ளி ஒன்பது என்று வடிவு கொடுத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை நம்ப முடியாது என்றார். வடிவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, “சார், என் மெஷின் கரெக்டா இருக்கு. ரெண்டு தடவ ஓட்டிட்டுத்தான் எழுதுவேன். இருபத்திரண்டு வருசத்துல ஒரு நம்பர் தப்புன்னு யாரும் சொன்னதில்ல.” அவர் கோபப்படவில்லை. மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார், “மெஷின் கரெக்ட்டுதாம்மா. நம்பரும் கரெக்ட்டு. அந்தக் கழிவு எங்க இருந்து வருது? சதையில இருந்துதான வருது. கிட்னி அத வெளிய தள்ளுது. தள்ள முடியலன்னா ரத்தத்துல ஏறும், அதத்தான நாம பாக்கோம். இவருக்குத்தான் சதையே இல்லையே, எலும்புந்தோலுமா இருக்காரு. கழிவே கம்மி, அப்ப கிட்னி பாதி செத்தாலும் நம்பர் ஏறாது. நார்மல்ங்கது நல்லா சாப்பிட்டு நடமாடுற ஆளுக்குப் போட்ட அளவு. இவருக்கு நார்மலே ஆபத்துதான்.” வேற டெஸ்ட் இருக்கிறது, வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். வடிவு சரி சார், சரி சார் என்றாள், வைத்துவிட்டு ஜெபமணியிடம், “பெரிய டாக்டருன்னா மெஷினுக்கே பாடம் எடுப்பாக போல” என்று நக்கலடித்தாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்தது மறந்துவிட்டது, ஆனால் சதை இல்லையே என்கிற அந்த ஒரு வார்த்தை போகவில்லை, கோமு குளித்துவிட்டு வரும்போது, கோமு தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் பாதியில் இறக்கி வைக்கும்போது, சதை இல்லையே, சதை இல்லையே என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டிருந்தாள்.

விட்டிருந்ததை எல்லாம் இப்போது ஒன்றொன்றாக எடுத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. ஹீமோகுளோபின். ஆறாவது மாசம் பதிமூணு புள்ளி நாலு, நாத்தனாரிடம் போனில் பெருமையடித்தாள், “ஒங்க வீட்டு மக கறியும் மீனுமா திங்கா, அவளுக்குப் பத்து. எங்க வீட்டு எலும்பிக்குப் பதிமூணு. ஒடம்பு வாகு அப்படி.” டெங்குக் காலத்தில் வருசா வருசம் அவளே பார்ப்பாள், உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்பட்டு அந்த எண் ஏறும், ஏறுவது கெட்டதற்குத்தான் அடையாளம், அதை உடனே ஃபோன் பண்ணி டாக்டர்களுக்குச் சொல்கிறவளே அவள்தான். ஊரார் பிள்ளைக்குத் தெரிந்தது தன் பிள்ளைக்குத் தெரியவில்லையா? கோமு தண்ணீர் குடிக்கிறதையும் குறைத்திருந்தாள், குடித்தால் வயிறு உப்பித் தெரிகிறதாம், உதடு வெடித்துக் கிடந்தது, வடிவு வாசலின் வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் அது. அதை நினைக்காமல் எப்படி இருக்க? ஒன்பதாவது மாசம் கொலஸ்ட்ரால் இருநூற்று முப்பத்தெட்டு வந்தது. பதினாலு மாசத்தில் அந்த ஒன்றுதான் நார்மல் கோட்டைத் தாண்டி வந்தது. வடிவுக்கு ஒரே குழப்பம், தின்னாத பிள்ளைக்கு எங்கே இருந்து கொழுப்பு? திரும்ப ஓட்டினாள், அதே எண். அப்போது என்ன நினைத்தாள், கோமு அப்பா வழியில் எல்லாருக்கும் நெஞ்சுவலி, ரத்தத்தில் வருகிறது என்று நினைத்தாள். ஒப்பந்தப்படி தப்பாக வந்தால் அம்மா போடுகிறதைத் தின்ன வேண்டும், இல்லையா? அம்மா என்ன போட்டாள்? “ஏட்டி, எண்ணெயக் கொறச்சுக்கோ. தோசைக்கு நெய் வேண்டாம். தேங்காச் சட்னியத் தொடாத” என்று சொன்னாள். அவள் வாயால் சொன்னாள். கோமு முகத்தில் அன்றைக்கு ஒரு சந்தோசம் வந்ததே, ரொம்ப நாளைக்கு அப்புறம் அம்மாவைக் கட்டிக்கொண்டாளே, “சரிம்மா, நீ சொன்னாக் கேக்கேன்” என்றாளே. அப்படிக் கட்டிக்கொண்டதில் விலா எலும்பு வடிவின் கையில் தட்டியது. தட்டினது தெரிந்தது. பிள்ளை நம்மிடம் திரும்ப வந்துவிட்டாள் என்கிற சந்தோசத்தில் அதைத் தள்ளிவிட்டாள். மாதவிடாய் நின்று எத்தனை மாசம்? பரீட்சை டென்சன் என்றாள் கோமு, தைராய்டு பார்த்தாள் வடிவு, அதுவும் ஏறக்குறைய சரியாகவே இருந்தது. எது ஆரம்பம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறாள், கல்யாண வீட்டில் யாரோ குண்டுப் பாப்பா என்றதா, காலேஜ் டான்சில் பின் வரிசையில் நிற்க வைத்ததா, இல்லை நாமேதான் துணிக்கடையில் வைத்து இந்த அளவு உனக்குப் பத்தாதுட்டி என்று சொன்னோமா. ஒன்றும் பிடிபடவில்லை. ஆரம்பத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது.

எட்டேகாலுக்குக் கிரியாட்டினின் ஓட்ட ஆரம்பித்தாள். மஞ்சள் திரவத்தில் சீரத்தை விட்டால் மெதுவாக ஆரஞ்சாகும், எவ்வளவு சீக்கிரம் ஆரஞ்சாகிறது என்று மெஷின் கணக்குப் பார்த்து எண் சொல்லும், அறுபது செகண்டு. முதல் ஆள் ஒன்று புள்ளி ஒன்று, ரெண்டாவது ஆள் புள்ளி எட்டு, ஏழாவது ஆள் நாலு புள்ளி ரெண்டு, அவர் தெரிந்த கேஸ், டயாலிசிஸ் போய்க்கொண்டிருக்கிறவர், நல்ல வாட்டசாட்டமான மனுசன், சதை இருக்கிறது, அதனால் மெஷின் அவரைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டது. பதினைந்தாவதை வைக்கும்போது வடிவு சாமி கும்பிட்டாள். என்ன கேட்டுக் கும்பிட்டாள் என்றால், தப்பாக வரட்டும் என்று. பெற்ற தாய், மகள் ரத்தம் கெட்டிருக்கட்டும் என்று கும்பிட்டாள், நாலு வரட்டும், மூணாச்சும் வரட்டும், கோட்டைத் தாண்டி எதாவது ஒன்று வரட்டும், காகிதத்தைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே நீட்டி, வா ஆஸ்பத்திரிக்கு என்று இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. அறுபது செகண்டு ஆனது. பூஜ்யம் புள்ளி ஏழு. கையில் இருந்த டிஷ்யூ பேப்பரைக் கசக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டினாள். பூஜ்யம் புள்ளி ஏழு. பக்கத்தில் மெஷின் தானாகவே ‘நார்மல்’ என்று அடித்துக் கொடுத்தது.

போன் ஒருதரம் அதிர்ந்தது. கோமு மெசேஜ் போட்டிருந்தாள், “ரிசல்ட் வந்துட்டா? நார்மல்தான?” வடிவு போனைக் கவிழ்த்து வைத்தாள். கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தாள். மெஷின் சொல்கிற எண்ணை இங்கே கையால் அடித்துத்தான் ஏற்ற வேண்டும், அடிக்கிறது அவள் கை, யார் கேட்கப் போகிறார்கள்? ரெண்டு என்று அடித்தாள், புள்ளி வைத்தாள், ஒன்பது அடித்தாள். ரெண்டு புள்ளி ஒன்பது. பார்க்கவே பயமாக இருந்தது, அது நல்லதுக்குத்தான், கோமுவும் பயப்பட வேண்டும். லேபிலேயே வளர்ந்த பிள்ளை, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருசத்தில் வடிவு ஒரு எண்ணை மாற்றினதில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ரிப்போர்ட் கேட்கிறார்கள், சுகரை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று ஒரு தகப்பன் இதே ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டார், மாட்டேன் என்று அனுப்பினாள், அந்தக் கல்யாணம் நின்றுபோனது, அதற்காக வருத்தப்பட்டாளே தவிர மாற்றியிருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது பொய்யாக ஒரு எண்ணை அடித்தால் அதுதான் உண்மையைச் சொல்லும் போலிருக்கிறது, உண்மையான எண் பிள்ளையைக் கொன்றுகொண்டிருக்கிறது. அச்செடுக்கிற பட்டனில் விரலை வைத்தாள். வைத்த விரல் அப்படியே நின்றது. கோமு நம்பமாட்டாள். போன மாசம் புள்ளி ஏழு, இந்த மாசம் ரெண்டு புள்ளி ஒன்பதா, மெஷின்ல காட்டு என்பாள், வந்து மெஷினில் பார்ப்பாள், பார்த்துவிட்டு அம்மாவைப் பார்ப்பாள். அதோடு முடிந்தது. அதுக்கு அப்புறம் வடிவு எதைச் சொன்னாலும் கோமு கேட்கமாட்டாள். அதைவிட இன்னொன்று இருந்தது, அடியில், தொட வேண்டாம் என்று காலையில் இருந்து ஒதுக்கி வைத்தது. இந்தப் பதினைந்தாவது காகிதத்தில் பொய்யை எழுதிவிட்டால் முந்தின பதினாலு காகிதமும் உண்மை என்று ஆகிவிடும். போன மாசம் வரைக்கும் நன்றாக இருந்தாள், இந்த மாசம்தான் கெட்டது, அம்மா பாவம் என்ன செய்வாள் என்று ஆகிவிடும். அவளுக்கு அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்ததும், அந்த வழி எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிந்தது, அப்போதுதான் வடிவுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. அடித்ததை அழித்தாள்.

ரப்பர் பட்டி மேசை மேல் கிடந்தது. பையில் போட்டுக் கொண்டுவந்து தானேதான் அங்கே வைத்திருக்கிறாள். எல்லாருக்கும் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினால் நுனி கொஞ்சம் தொங்கும், பிடித்து இழுக்க. ஜெபமணி கைக்கு ஒரு சுற்றுக்கே பத்தாது. காலையில் கோமு கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள், பிடிக்கவில்லை, வழுகிக்கொண்டு முழங்கைக்கு வந்தது. ரெண்டாவது சுற்றுச் சுற்றினாள். அப்படியும் நுனி மிச்சம் இருந்தது, மூணாவது சுற்றுக்கு வரும்போல மிச்சம் இருந்தது. அதைக் கட்டிவிட்டுத்தான், அந்தக் கையிலேயே ஊசி குத்திவிட்டுத்தான், இன்றைக்கு என்ன வருகிறது பார்ப்போம் என்று குழாயைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வந்திருக்கிறாள். வேறு யாராவது ஒரு தாய், படிக்காதவள், லேப் வைத்திருக்காதவள், அந்தக் கையைப் பார்த்திருந்தால் ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பாள். வடிவு நோட்டைத் திருப்பினாள். பதினாலாவது வரிக்குக் கீழே, எப்போதும் எழுதுகிற அதே கையெழுத்தில், கோமதிப்ரியா என்று எழுதினாள். 19. பெண். நோட்டை மூடவில்லை, திறந்தபடியே வைத்தாள். வெளியே வந்து, “ஜெபமணி அக்கா, மீதிய நீ பாத்துக்கோ, நான் போறேன்” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டே டாக்டர் தேவசகாயம் நம்பரைத் தேடி எடுத்தாள். மூணாவது மணியில் அவர் எடுத்தார்.

“சார், நான் கோவில்பட்டி லேப் சண்முகவடிவு.”

“சொல்லுங்கம்மா. அந்தப் பெரியவர் விசயமா?”

“அவர் தவறிட்டாரு சார். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இது வேற பேஷன்ட்.” படியில் நின்றாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. “பேரு கோமதிப்ரியா. பத்தொம்பது வயசு.”

“கிரியாட்டினின் என்ன?”

“பூஜ்யம் புள்ளி ஏழு.”

“நல்லாத்தானம்மா இருக்கு.”

“இல்ல சார். கையில கட்டுற ரப்பரு ரெண்டு சுத்து சுத்துது.” ஒரு படி இறங்கினாள். “ஒன்றர வருசமா ஒழுங்கா சாப்பிடல. நாடி நாப்பத்தி ரெண்டு. காலையில புடிச்சுப் பாத்தேன், வாட்ச்சுலதான் கோளாறுன்னு நெனச்சேன். நடுவுல கொலஸ்ட்ரால் இருநூத்தி முப்பத்தெட்டு வந்துச்சு, எண்ணெய நிறுத்தச் சொல்லிட்டேன் சார்.”

“பட்டினி கெடந்தாலும் அது ஏறும்மா” என்றார் டாக்டர். “ஒடனே கூட்டிட்டு வாங்க, நடக்க விடாதீங்க. பயந்துபோயி ஒரேடியா சோத்தத் திணிச்சிராதீங்க, அதுவும் ஆபத்து. இவ்வளவு நாளா யாரும் பாக்கலயா? எந்த லேப்ல ரிப்போர்ட் எடுத்தாங்க?”

“நான்தான் சார் குடுத்தேன். பதினாலு ரிப்போர்ட். எல்லாம் நார்மல்னு நான்தான் குடுத்தேன். என் மக.”

கையில் போன் மறுபடியும் அதிர்ந்தது. கோமுவாகத்தான் இருக்கும்.

“இப்ப புள்ள எங்கம்மா இருக்கா?” என்றார் டாக்டர்.

“வீட்டுல இருக்கா சார். தனியா” என்றாள் வடிவு. “ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கா.”